சாப்பாடு உயிரோடு இருக்கிறது

ஷிஃப்டுக்குப் போகிறவரைக் கட்டிக்கொண்டவளுக்கு முதலில் பறிபோவது தூக்கம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. தூக்கம் எப்படியாவது, குழந்தையின் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியாவது, கிடைத்துவிடும். பறிபோவது பேச்சு.

என் கணவர் இசக்கிமுத்து, வல்லம் வடகாலில் கார்களுக்குக் கதவுக் கைப்பிடி செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறார். முதல் ஷிஃப்ட் வாரத்தில் நான் கண் விழிக்கும்போது அவர் கம்பெனி பஸ்ஸில் இருப்பார். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் அவர் வரும்போது நான் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பேன். மூன்றாம் ஷிஃப்ட் வாரத்தில் பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு அவர் தூங்க, நானும் குழந்தையும் திருடர்கள் மாதிரி நுனிக்காலில் நடமாடுவோம். வேலை நேரத்தில் செல்போன் லாக்கரில்தான் இருக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். ஆகவே அவசரம் என்றால் நான் ஓர் இரும்புப் பெட்டிக்குத்தான் போன் செய்ய முடியும்.

எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். இங்கே ஒரகடத்தை ஒட்டிய ஒரு தெருவில் மாடி போர்ஷன். கீழே வீட்டுக்கார அம்மா கஸ்தூரி அக்கா. நல்ல மனுஷி. ஆனால் நான் 'வாரேன்' என்றால் அவருக்குச் சிரிப்பு வரும், அவர் 'கீது' என்றால் நான் முழிப்பேன். இரண்டு பேரும் சுருக்கமாகப் பேசிவிட்டுப் பிரிந்துவிடுவோம். மகள் யாழினிக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது. மூன்று சொற்கள் பேசுவாள். அதில் இரண்டு மின்விசிறியைப் பற்றியவை.

இந்த நிலைமையில்தான் மிக்சர் வந்தது. மஞ்சள், கறுப்பு, வெள்ளை எல்லாம் கலந்து தட்டில் கொட்டிய மிக்சர் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். பக்கத்தில் கல் நட்டுப் பிரித்துப் போட்ட காலி மனைகளில் திரிந்த பெண் பூனை. அந்த மனைகளில் வீடுகள் இன்னும் வரவில்லை; ஆடு, மாடு, நாய் எல்லாம் வந்துவிட்டன. ஒரு மத்தியானம் அது படியேறி வந்து வாசலில் உட்கார்ந்து, நான் என் அம்மாவிடம் போனில் பேசுவதை முழுவதும் கேட்டது. அம்மா போனை வைத்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தோழியிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்?

அதனிடம் எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தேன். குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழில் வெல்லம் போடலாமா? அவள் இன்னும் நடக்கவில்லையே, பயப்பட வேண்டுமா? நேற்று அம்மாவிடம் கொஞ்சம் கடுப்பாகப் பேசிவிட்டேனோ? இதே கேள்விகளைக் கணவரிடம் கேட்டால், "நீயே பாத்துச் செய்யிட்டி" என்பார். இணையத்தில் கேட்டால் பெரிய நோய்களாகப் பார்த்துச் சொல்லும். மிக்சர் கண்ணை மெதுவாக மூடித் திறக்கும். அதை 'சரி' என்று எடுத்துக்கொள்வேன்.

ஒரு நாள் அதன் காதோரம் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டையைப் பார்த்தேன். மரு என்று முடிவு செய்தேன். இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பி.எஸ்சி. விலங்கியல். முதல் வகுப்பு. உண்ணியின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னபோது, எட்டுக் கால்களையும் அளவெடுத்து வரைந்து பேராசிரியையிடம் பாராட்டு வாங்கியவள். அப்படிப்பட்ட நான் அந்த மருவுக்குத் தினமும் மஞ்சள் குழைத்துப் பூசினேன். மரு செழிப்பாக வளர்ந்தது. கழுத்துப் பக்கம் அதற்குத் தம்பி தங்கைகளும் வந்தார்கள். பிறகு ஒரு காலையில் அந்த மூத்த மரு கழன்று விழுந்து, தரையில் நடந்து போனது. (பேராசிரியை மன்னிக்கவும். படத்தில் அது தட்டையாக இருந்தது.)

யாழினி தவழும் தரை அது. அன்றைக்கு வீட்டை நான் கழுவிய கழுவலில் தண்ணீர் படிவழியே இறங்கிக் கஸ்தூரி அக்காவின் கோலத்தைக் கொண்டுபோனது. புருவம் திருத்தும் சாமணத்தால் பூனையின் உண்ணிகளைப் பிடுங்கினேன். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மிக்சர் சாப்பாட்டை நிறுத்தியது. நெத்திலிக் கருவாட்டை மூக்கருகில் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ப் படுத்து, கூப்பிட்டால் காதை மட்டும் அசைத்தது. காது சுட்டது. குழந்தையின் தெர்மாமீட்டரை அதன் அக்குளில் வைத்தேன். அது ஏறிக்கொண்டே போனது. (அந்தத் தெர்மாமீட்டரை அதன் பிறகு மாற்றிவிட்டேன். மாமியார் இதைப் படித்தால் கவனிக்கவும்.)

அன்றைக்குக் கணவருக்கு முதல் ஷிஃப்ட். இரும்புப் பெட்டிக்குப் போன் செய்து பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, காய்ச்சல் அடிக்கும்மா."

"பிள்ளைக்கா?"

"பூனைக்கு."

"ஏட்டி, பூனைன்னா ஒடம்பு சுடத்தான செய்யும். பிள்ளை சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"நீ சாப்பிட்டியா?"

"சிக்னல் சரியில்லம்மா" என்று வைத்துவிட்டேன்.

படியிறங்கினால் கஸ்தூரி அக்கா பச்சைப் பட்டுடுத்திக்கொண்டு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அன்று கிருத்திகை.

"இன்னா சுகந்தி, மூஞ்சி இப்டி கீது? வூட்டுக்காரரு சண்டையா?"

"சண்டை போட அவுக எங்கக்கா வீட்டுல இருக்காக? பூனைக்கு ஒடம்பு சரியில்ல. உண்ணி கடிச்சிருக்கு."

"அய்ய, இதுக்கா? எங்க டைகருக்கு உடுற உண்ணி மருந்து கீது. கழுத்தாண்ட ரெண்டு சொட்டு உடு, அல்லாம் கொட்டிப் பூடும்." மருந்தைப் படிக்கட்டில் வைத்துவிட்டு ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடினார்.

ஒரு கையில் நாயின் உண்ணி மருந்து. இன்னொரு கையில் குழந்தையின் காய்ச்சல் சொட்டு மருந்து. வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஒன்றைக் கொடுத்து முடித்திருப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எடைக்குத் தகுந்த அளவு என்று போட்டிருந்ததால், பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினேன். நான் மெலிந்திருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கால்நடை மருத்துவரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் போட்டேன். எடுத்தவர் ஒரு பெண் டாக்டர்.

"வீட்ல ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இன்னும் இல்ல டாக்டர். பாப்பாவோட காய்ச்சல் மருந்து இருக்கு, நாய்க்குப் போடுற உண்ணி மருந்து இருக்கு. எதை முதல்ல குடுக்கணும்?"



"அம்மா, ரெண்டையும் கீழ வைங்க."

வைத்தேன்.

"வச்சாச்சா? அந்தக் காய்ச்சல் மருந்து கொஞ்சம் உள்ள போனாலே பூனை தாங்காது. நாய் மருந்து சிலதுல பூனைக்கு ஆகாத சரக்கு இருக்கும், வலிப்பு வந்துரும். இப்ப அதோட உதட்டைத் தூக்கிப் பாருங்க. ஈறு என்ன கலர்ல இருக்கு?"

பார்த்தேன். உரித்த வெங்காயம் மாதிரி வெளுத்திருந்தது. சொன்னேன்.

"உண்ணி வழியா ரத்தத்துல கிருமி ஏறியிருக்கலாம். நாளைக்குன்னு வைக்காதீங்க. நாலு மணிக்கு நான் ஒரு மாட்டுப் பண்ணைக்குக் கிளம்பணும். அதுக்குள்ள கொண்டாந்துருங்க, பாத்துரலாம்."

எதையும் முடிவு செய்யாமல் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நிற்பதற்காக வாழ்நாள் முழுவதும் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் குணம் ஓர் உயிரைக் காப்பாற்றியது. (அதற்குப் பிறகு முதல்முறையாக ஒரு முடிவை வேகமாக எடுத்தேன். அதுதான் அந்த உயிரை மறுபடி ஆபத்தில் தள்ளியது.)

நியாயமாக நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓர் ஆட்டோ பிடித்துக் குழந்தையும் பூனையுமாகக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் என் மனக்கண்ணில் ஒரு மடியில் குழந்தை, ஒரு மடியில் பூனை, நடுவில் உண்ணிகள் வரிசையாகப் புடவைக் கொசுவத்தைக் கடந்து போகும் காட்சி தெரிந்தது. குழந்தையை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் கஸ்தூரி அக்கா கோயிலில். எதிர் போர்ஷன் பையன்கள் மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து கட்டை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மறந்துபோன ஐ.டி. கார்டோ, மூக்குக் கண்ணாடியோ, திடீரென்று ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை போட்டுவிட்டால் சாப்பாடோ, எதுவானாலும் அடுத்த ஷிஃப்ட் பஸ்ஸில் போகிறவரிடம் கொடுத்துவிடுவோம். தெருமுனையில் பஸ் வரும் நேரத்தில் இரண்டு மூன்று வயர் கூடைகளாவது நிற்கும். அது போய்ச் சேராத நாள் கிடையாது. என் கணக்கு இதுதான். இரண்டாம் ஷிஃப்ட் பஸ் கம்பெனிக்குப் போய்ச் சேரும்போது முதல் ஷிஃப்ட் வெளியே வரும். கணவர் கேட்டில் கூடையை வாங்கிக்கொண்டு, யாராவது ஒருவரின் பைக்கில் ஏறி நேராக ஸ்ரீபெரும்புதூர் போய்விடுவார். நாலு மணிக்கு நிறைய நேரம் இருக்கும். தாளில் எல்லாம் சரியாக இருந்தது. (உண்ணியும் தாளில் சரியாகத்தான் இருந்தது.)

பெரிய வயர் கூடையில் யாழினியின் பழைய போர்வையை விரித்து மிக்சரை உள்ளே வைத்தேன். மூச்சுவிட இடம் விட்டு, மேலே மெல்லிய துப்பட்டாவைக் கட்டினேன். அது கொஞ்சமும் திமிறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இரும்புப் பெட்டிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன்: "ஏங்க, போனை எடுத்ததும் இதை முழுசாக் கேளுங்க..." முழுசாகக் கேட்க அது நீளமாகத்தான் இருந்தது.

தெருமுனையில் ஆரோக்கியசாமி அண்ணன் நின்றிருந்தார். பக்கத்துத் தெரு, அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ். அவரிடம் கூடையை நீட்டவும் பஸ் வரவும் சரியாக இருந்தது. அந்த டிரைவர், முந்தின மாதம் ஒருவர் நாட்டுக்கோழியோடு ஏறியதற்கு பஸ்ஸை நிறுத்தி ஊரைக் கூட்டியவர். 'பூனை' என்ற சொல் தொண்டைவரை வந்து அவரைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"அண்ணே, இதை அவுக கையிலயே குடுத்திருங்க."

"தம்பிக்கு ஓ.டி.யா?"

"ஆட்டாதீங்கண்ணே. சாய்க்காதீங்க."

அண்ணன் கூடைக்கு அடியில் கையைக் கொடுத்தார். "சூடா கீதேம்மா. இப்பத்தான் எறக்குனியா?"

"ம்."

"இன்னா கொழம்பு?"

டிரைவர் ஹாரன் அடித்தார். பதில் சொல்லாமல் தப்பித்தேன். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தேன். குழந்தைக்குச் சோறு ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் மிக்சருக்கு ஒரு பருக்கை வைக்கும் பழக்கத்தில் தரையில் ஒரு பருக்கை வைத்தேன். அது அங்கேயே இருந்தது. "அந்த டாக்டர் நல்லவங்களாத்தான் தெரியுது, இல்ல?" என்று வாஷிங் மெஷினைப் பார்த்துக் கேட்டேன். யாழினி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்து, "பேன்" என்றாள். சுற்றிலும் இத்தனை கம்பெனி, இத்தனை பஸ், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தெருவில் ஆட்கள் இறங்கி ஏறுகிறார்கள். எனக்கு மட்டும் அன்று மத்தியானம் ஊரே காலி செய்துகொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது.

முதல் ஷிஃப்ட் பஸ் திரும்பி வந்தபோது, கணவர் இறங்க மாட்டார், அவர் இந்நேரம் மருத்துவமனைக்குப் போயிருப்பார் என்ற நிம்மதியோடு மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தேன். அவரோடு வேலை செய்யும் ஒருவர் அண்ணாந்து பார்த்துக் கத்தினார்: "அக்கா! அண்ணனுக்கு ஓ.டி.! லைன்ல ஒருத்தன் லீவு. எட்டு மணி ஆவும்!"

அப்படியென்றால் போன் இன்னும் லாக்கரில். கணவர் லைனில். கூடை?

கூடை எங்கே இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஓ.டி. ஆட்களின் சாப்பாடு கேன்டீன் ரேக்குக்குப் போகும். இடைவேளையில் யார் கூடை வந்தாலும் லைனே சேர்ந்து பிரிக்கும். முதலில் கை வைப்பவர் டீம் லீடர் பாஸ்கரன். "ஒன் கருவாட்டுக் கொழம்புன்னா சாருக்கு உயிரு" என்று கணவர் ஒருமுறை சொன்னதை, எனக்குக் கிடைத்த அபூர்வமான பாராட்டு என்று பத்திரமாக வைத்திருந்தேன். அன்றைக்கு அதே ஆசையோடுதான் சார் கூடையை அவிழ்ப்பார்.

கணவரின் பழைய ஐ.டி. கார்டின் பின்னால் கம்பெனி எண் இருந்தது. கேட்டிலிருந்த செக்யூரிட்டி எடுத்தார்.

"சார், நான் குவாலிட்டி இசக்கிமுத்து ஒய்ஃப் பேசுதேன். பஸ்ல ஒரு கூடை குடுத்துவிட்டேன்..."

"வந்துச்சும்மா. கேன்டீனுக்குப் பூட்ச்சு. துன்னுக்குவாரு, கவலப்படாத."

"சாப்பிடக் கூடாது சார்!"

"ஏன், ஊசிப் பூட்ச்சா?"

"ஊசல சார். அது... உயிரோட இருக்கு."

"உயிரோட கீதா? இன்னாம்மா, நண்டா?"

"பூனை சார்."



"யம்மா, நான் டூட்டில கீறேன். வெளாட்டெல்லாம் வூட்டோட வெச்சிக்க."

வைத்துவிடுவாரோ என்ற பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "வச்சிராதீங்க சார். அதுக்கு ரொம்ப முடியல. நாலு மணிக்குள்ள டாக்டர்ட்டப் போகலன்னா செத்துரும் சார். நாள் பூரா நான் அதுகிட்டதான் பேசிட்டு இருக்கேன். வேற யாரும் இல்ல சார்."

கட்டிய கணவரிடம் சொல்லாத வாக்கியத்தை முகம் தெரியாத ஒரு காவலாளியிடம் சொல்லிவிட்டேன். 

"அழுவாத. லைன்லயே இரு."

கேன்டீனில் என்ன நடந்தது என்பதை நான் நேரில் பார்க்கவில்லை. எனக்குச் சொன்னவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவில் சொல்கிறேன். இடைவேளைக்கு முதல் ஆளாக வந்த பாஸ்கரன் சார், தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, துப்பட்டா முடிச்சை அவிழ்த்திருக்கிறார். மிக்சர் தலையைத் தூக்கியிருக்கிறது. நலமாக இருக்கும் பூனை என்றால் ஒரே பாய்ச்சலில் கண்ணாடி ஜன்னலுக்குப் போயிருக்கும். மிக்சருக்கு அந்தத் தெம்பு இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல ஒவ்வொரு காலாக வெளியே வைத்து, நாலடி நடந்து, சாரின் தொப்பிக்குள் சுருண்டு படுத்துவிட்டது. பாய்ந்தவர்கள் ஆண்கள்தான். ஒருவர் பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். போர்வை மடிப்பிலிருந்து, என் சாமணத்துக்குத் தப்பிய ஓர் உண்ணி அந்த வெள்ளை மேஜையில் நடக்க ஆரம்பித்தது. கைப்பிடியில் ஒரு முடி ஒட்டியிருந்தால்கூடத் திருப்பி அனுப்புகிற கம்பெனி அது. "யாரும் நகராதீங்க!" என்று பாஸ்கரன் சார் அதன்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, பழுதான பொருளுக்கு ஒட்டும் சிவப்பு அட்டையை டம்ளரில் ஒட்டினாராம்.

அந்த நேரத்தில்தான் ஒலிபெருக்கி பேசியது. செக்யூரிட்டிக்குக் கம்பெனி முழுக்கக் கேட்கும்படி 'பூனை' என்று சொல்லக் கூச்சமாக இருந்திருக்கிறது. வைக்காத போன் வழியாக நானும் அதைக் கேட்டேன்.

"குவாலிட்டி இசக்கிமுத்து. குவாலிட்டி இசக்கிமுத்து. உங்க சாப்பாடு உயிரோட இருக்கு. உடனே கேன்டீனுக்கு வரவும்."

உயிரோடு இருக்கிறது. 

"இந்தா வாரேன், அவுகளைக் கேட்டுலயே நிக்கச் சொல்லுங்க சார்" என்று போனில் சொல்லிவிட்டு, யாழினியை இடுப்பில் வைத்து, காலுக்கொரு விதமான செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடி ஓர் ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோ உடனே கிடைத்தது. இதையே நான் பகல் ஒரு மணிக்குச் செய்திருக்கலாம் என்பது கம்பெனி கேட் வரும்வரை என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

கேட்டுக்கு வெளியே கணவர் நின்றிருந்தார். நீல யூனிஃபார்ம், தலையில் வலைத்தொப்பி, கையில் கூடை, கூடைக்குள் பாஸ்கரன் சாரின் தொப்பி, தொப்பிக்குள் மிக்சர். "போய்யா, போய்த் தொலை, அந்தத் தொப்பியும் எனக்கு வேணாம்" என்று சார் அனுப்பிவைத்திருந்தார்.

"ஏட்டி, பூனைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யார்ட்ட சொல்ல? ஒங்க லாக்கர்ட்டயா?"

 செக்யூரிட்டி கூண்டிலிருந்து தலையை நீட்டி, "சண்டைய ஆட்டோல போட்டுக்கோங்க, டைம் ஆவுது!" என்றார். ஏறினோம்.

அந்த ஆட்டோவில் நான்கு பேரும் இருந்தோம். அந்த மாதத்தில் நாங்கள் குடும்பமாகச் சேர்ந்து போன ஒரே பயணம் அதுதான் என்பது ஸ்ரீபெரும்புதூர் நெருங்கும்போதுதான் உறைத்தது. யாழினி, விழித்திருக்கும் அப்பாவை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு வந்தாள். கணவர் கூடையைத் தன் மடியில் ஆடாமல் சாயாமல் பிடித்திருந்தார். உண்ணி எதுவும் யாருடைய கொசுவத்தையும் கடக்கவில்லை.

டாக்டர் ஸ்கூட்டியில் சாவியைப் போட்டுவிட்டிருந்தார். கூடையைப் பார்த்ததும் எடுத்துவிட்டார். "ரெண்டு கையிலயும் மருந்து வச்சிருந்த அம்மாவா?" ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தார். ரத்த அணுக்களுக்குள் கிருமி இருந்தது. ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, வாரக்கணக்கில் கொடுக்க மாத்திரை எழுதினார். மாத்திரைக்குப் பின்னால் கட்டாயம் தண்ணீர் புகட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் ஒட்டிப் புண்ணாக்கும் என்றார். பிழைக்குமா என்று கேட்டேன். "இன்னைக்குச் சொல்ல முடியாது. சாப்பிட ஆரம்பிச்சா எனக்குப் போன் பண்ணுங்க." குழந்தைக்கு ஒட்டுமா என்று கேட்டேன். "பூனை பக்கத்துல இருந்தா ஒட்டாது. உண்ணி கடிக்காமப் பாத்துக்கோங்க. அதை வெறுங்கையால நசுக்காதீங்க." வேறு என்னென்னவோ கேட்டேன். அந்த டாக்டர் அன்றைக்கு மாட்டுப் பண்ணைக்குத் தாமதமாகத்தான் போயிருப்பார்.

அதற்குள் கஸ்தூரி அக்கா கோயிலிலிருந்து திரும்பி, "எங்க மாடி வூட்டுப் பொண்ணு, புருஷனுக்குப் பூனைய கட்டிக் குட்த்து வுட்ருச்சி" என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே மேலே வந்தவர், மிக்சரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு அதன் நெற்றியில் விபூதி பூசினார்.

கணவருக்கு மறுநாள் காலைக் கூட்டத்தில் விசாரணை. அவர்கள் கம்பெனியில் எந்தத் தப்பு நடந்தாலும் 'ஏன், ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு அடிவேரைப் பிடிக்க வேண்டும். எல்லோரும் வட்டமாக நிற்க, பாஸ்கரன் சார் ஆரம்பித்திருக்கிறார். ஏன் பூனை கேன்டீனுக்கு வந்தது? சாப்பாட்டு ரேக்கில் வைத்ததால். ஏன் வைத்தார்கள்? சாப்பாடு என்று நினைத்ததால். ஏன் நினைத்தார்கள்? "என் ஒய்ஃப் பூனைன்னு சொல்லல சார்." ஏன் சொல்லவில்லை? "பயந்துட்டா சார்." அதுவரை எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். "ஏன்யா பயப்படணும்? உனக்கே நேராச் சொல்லியிருக்கலாமே?" என்றதும் இவர், "தெரியல சார்" என்றிருக்கிறார். "அஞ்சாவது ஏன்தான்யா முக்கியம். வீட்டுல கேட்டுட்டு வா" என்று வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நான் மிக்சரின் வாயைப் பிடித்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏட்டி, சார் கேக்கச் சொன்னாரு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

சொன்னேன். பூனையில் ஆரம்பித்தேன். அது எங்கெங்கோ போனது. போர்வை தொங்கும் ஜன்னல், கேழ்வரகுக் கூழ், நடக்காத குழந்தை, பேச்சே இல்லாமல் முடிந்துபோகும் செவ்வாய்க்கிழமைகள். தட்டில் போட்ட சோறு ஆறி வறண்டது. அவர் ஒரு தடவைகூட 'நீயே பாத்துச் செய்யி' என்று சொல்லவில்லை. பாதியில் யாழினி தூங்கிவிட்டாள். பிறகு ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். மிக்சர் அவருடைய தட்டிலிருந்த மீனை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். மெல்லும் சத்தம் அவருக்குக் கேட்கும்படி போனை மிக்சரின் வாயருகே பிடித்தேன்.

ஐந்தாவது ஏனுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று மறுநாள் கேட்டேன். "பதில் கெடச்சிருச்சு சார், வீட்டு விஷயம்னு சொன்னேன்" என்றார்.

மிக்சருக்கு இப்போது பூனைகளுக்கென்றே உள்ள உண்ணி மருந்தை டாக்டர் சொன்னபடி போடுகிறேன். கம்பெனி கேட்டில் இன்றைக்கும் எங்கள் தெருவிலிருந்து எந்தக் கூடை போனாலும் அந்தச் செக்யூரிட்டி காதை வைத்துக் கேட்ட பிறகுதான் உள்ளே விடுகிறார். ஆரோக்கியசாமி அண்ணன் என்னிடமிருந்து எதை வாங்கினாலும், "இது இன்னா கொழம்பு, மியாவா?" என்கிறார். கணவர் டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்து எனக்குப் போன் செய்கிறார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்னட்டி, சாப்பாடு உயிரோட இருக்கா?"

"இருக்கு" என்பேன். அதற்குப் பிறகு ஒரு விஷயத்தை எடுத்துப் பாதி சொல்வதற்குள் அங்கே மணி அடித்துவிடும். மீதியை மிக்சரிடம் சொல்லி முடிக்கிறேன்.